வெயில் தாழட்டும்

போன மே மாதம் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எழுப்பினோம். தளம் போடும் நாளன்று விடியற்காலை நாலரை மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜல்லிக் குவியலை முந்தின நாள் சாயங்காலமே நனைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார் மேஸ்திரி. "ஜல்லி சூடேறிக் கெடந்தா கலவை சட்டுனு இறுகிரும் சார். அப்புறம் தளம் வெடிப்பு விடும்" என்றார்.

அன்றைக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். பத்தொன்பது வயதிருக்கும். அதுவரை ஏசி போட்ட செல்போன் கடையில் வேலை பார்த்தவன். தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு, மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடி ஓடிச் சட்டி சுமந்தான். ஏழு மணி வெயில் சுவரில் ஏறியதும் மேஸ்திரி அவனை நிறுத்தினார்.

"தம்பி, நீ போய் அந்த நெழல்ல உக்காரு. இன்னைக்கு உனக்குப் பாதி வேலைதான்."

"எனக்கு முடியும்ணே."

"முடியும்னு எனக்கும் தெரியும்டா. நாளைக்கும் நீ வரணும்ல?"

அவர் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். வெப்பமும் உடலும் பற்றிப் பிறகு படிக்கப் படிக்க, அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நூற்றாண்டு உடலியல் ஆராய்ச்சி அடங்கியிருப்பது புரிந்தது. கோடையில் ஓய்வு என்பதை வேலையிலிருந்து திருடிய நேரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உடலைக் கேட்டால் அது வேறு கணக்கு சொல்கிறது.

நமக்குள் எரியும் அடுப்பு

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல், பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல 80 முதல் 100 வாட் வரை வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. எழுந்து சட்டி சுமக்கத் தொடங்கினால் அது நான்கைந்து மடங்காகிறது. காரணம், நம் தசைகள் அவ்வளவு சிக்கனமானவை அல்ல. சாப்பாட்டிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதியெல்லாம் சூடு.

அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அறுபது கிலோ எடையுள்ளவர் கடின வேலை செய்தால், ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் வெப்பம் ஏறும். 37 டிகிரியில் தொடங்கியவர் அரை மணி நேரத்தில் 40-ஐத் தொட்டுவிடுவார். அதே ஆள் உட்கார்ந்திருந்தால் ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். உட்கார்வது ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலத் தோன்றுகிறது. உள்ளே அடுப்பைத் தணிப்பது அதுதான்.

நல்லவேளையாகச் சூடு வெளியேற வழிகள் உண்டு. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடலின் சூடு தானாகவே வெளியே பாயும். வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பரமத்தியிலும் 40-ஐத் தாண்டும் நாட்களில் அந்த ஓட்டம் திசை மாறி, காற்றிலிருந்து சூடு உடலுக்குள் ஏறுகிறது. வெயிலில் நின்றால் சூரியனும் தரையும் சுவரும் சேர்ந்து சூட்டை ஊட்டுகின்றன. அப்போது நமக்கு மிஞ்சுவது ஒரே ஒரு வழி, வியர்வை.

நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் அது உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகிறது. ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல அது ஏறக்குறைய எட்டு மடங்கு.

இந்த ஏற்பாடு எவ்வளவு வல்லமை வாய்ந்தது என்பதை 1774-இல் லண்டனில் சிலர் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் நண்பர்களும், ஏறக்குறைய 127 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய வறண்ட அறைக்குள் சில நிமிடங்கள் இருந்தார்கள். உள்ளே வைத்த முட்டை இருபது நிமிடத்தில் வெந்து இறுகியது. மாட்டிறைச்சித் துண்டு பொரிந்தது. மனிதர்கள் நடந்து வெளியே வந்தார்கள். உயிருள்ள உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் என்பதற்கு அதைவிடக் கண்கூடான சாட்சி தேவையில்லை. ஆனால் அந்த வல்லமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்று வறண்டிருக்க வேண்டும்; வியர்வை ஆவியாக வேண்டும். உடம்பிலிருந்து வழிந்து தரையில் சொட்டும் வியர்வை தண்ணீரையும் உப்பையும் இழக்கச் செய்கிறதே தவிர, துளியும் குளிர்ச்சி தருவதில்லை.

தொலைக்காட்சி சொல்லாத எண்

"இன்று 38 டிகிரிதான்" என்று செய்தியில் கேட்டுவிட்டுச் சென்னைக்காரர் ஒருவர் வெளியே போனால் புழுக்கத்தில் மூச்சு முட்டுகிறது. கடற்காற்று சுமந்து வரும் ஈரம், வியர்வையை ஆவியாக விடுவதில்லை.

1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். நல்ல உடல்வாகு கொண்டவர்கள், இருபது வயதுக்காரர்கள். யாக்லு, மினார்டு என்ற இரு ஆய்வாளர்கள் அதற்குத் தீர்வாக 1957-இல் ஓர் அளவைத் தந்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்ணுக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 சதவீதம், நாம் அன்றாடம் பார்க்கும் காற்று வெப்பநிலைக்கு 10 சதவீதம். இவற்றின் கூட்டுத்தொகையே உடலைத் தாக்கும் வெப்பச் சுமை. நாம் செய்தியில் கேட்கும் எண்ணுக்கு அந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் இடம் என்பதைக் கவனியுங்கள். ஈரத்துணியும் கறுப்பு உருண்டையும் காட்டும் எண்களுக்கே மற்ற ஒன்பது பங்கு.

இந்த அளவை வைத்துத்தான் உலகெங்கும் வேலைக்கும் ஓய்வுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். சுமை குறைவாக இருந்தால் தொடர்ந்து வேலை செய்யலாம். ஏற ஏற, ஒரு மணி நேரத்தில் 45 நிமிட வேலைக்கு 15 நிமிட ஓய்வு. பிறகு பாதிக்குப் பாதி. கடைசியில் 15 நிமிட வேலைக்கு 45 நிமிட ஓய்வு. நடுத்தரமான உடலுழைப்புக்கு இந்த அளவு 31 டிகிரி வாக்கில் வந்தாலே கடைசிக் கட்டம். நம் கோடைப் பகலில் அந்த எண் அரிதானது அல்ல.

இதயத்துக்கு இரண்டு எஜமானர்கள்

வெயிலில் வேலை செய்யும்போது இதயம் ஒரே ரத்தத்தை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. தசைகள் உயிர்க்காற்றுக்காகக் கேட்கின்றன. தோல், சூட்டை வெளியேற்றுவதற்காகக் கேட்கிறது. சாதாரண நேரத்தில் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவான ரத்தம் போதும். கடும் வெப்பத்தில் அது ஆறு முதல் எட்டு லிட்டர் வரை கேட்கும். ஓய்வில் இதயம் இறைக்கும் மொத்த ரத்தமே நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்தான். இதற்கிடையில் வியர்வை ரத்தத்தின் நீரைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஆகவே, வேலை கூடாவிட்டாலும் இதயத் துடிப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும். காலை ஏழு மணிக்குத் தூக்கிய அதே சட்டிதான். பதினொரு மணிக்கு அது கனக்கிறது. கூடுதலாகக் கேட்கும் இந்த ரத்தத்தை உடல் குடலிடமிருந்தும் சிறுநீரகத்திடமிருந்தும் பிடித்துத் தருகிறது. வெயிலில் உழைப்பவர்களின் சிறுநீரகம் ஏன் நலிகிறது என்பதற்கான பதிலின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

இப்படி எவ்வளவு நேரம் தாங்கலாம்? 1999-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை வியக்க வைத்தது. கொன்சாலஸ் அலொன்சோவும் உடன் ஆய்வாளர்களும், பயிற்சி பெற்ற ஏழு சைக்கிள் வீரர்களை 40 டிகிரி அறையில் மிதிக்க வைத்தார்கள். முன்கூட்டியே தண்ணீரில் அமர்த்தி, ஒரு நாள் உடல் வெப்பத்தை 36 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். இன்னொரு நாள் 37; மற்றொரு நாள் 38 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். வேலையின் அளவு மூன்று நாளும் ஒன்றே. 36-இல் தொடங்கிய நாளில் சராசரியாக 63 நிமிடம் மிதித்தார்கள். 37-இல் தொடங்கிய நாளில் 46 நிமிடம். 38-இல் தொடங்கிய நாளில் 28 நிமிடம். மூன்று நாளும் அவர்கள் இனி முடியாது என்று நிறுத்தியபோது உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 40.1 டிகிரி.

உச்சவரம்பு மாறவே இல்லை. மாறியது தொடங்கிய இடம் மட்டும். 40-ஐ நெருங்கும்போது மூளையே தசைகளுக்குப் போகும் கட்டளையைத் தளர்த்துகிறது. நாம் அதைச் சோர்வு என்று உணர்கிறோம். ஆகவே கோடையில் நம் கையில் இருப்பவை இரண்டே. எங்கே தொடங்குகிறோம் என்பது ஒன்று. நடுவில் எத்தனை முறை கீழே இறங்கி வருகிறோம் என்பது மற்றொன்று. ஒவ்வொரு ஓய்வும் உடல் வெப்பம் என்ற ஏணியில் சில படிகள் கீழே இறங்குவது. மறுபடி ஏற அப்போதுதான் இடம் கிடைக்கிறது.

பதினான்கு நாள் பாடம்

மேஸ்திரி அந்தப் பையனைப் பாதி வேலையோடு நிறுத்தியதற்கு வருகிறேன். வெயிலுக்குப் பழகுவது என்று சாதாரணமாகச் சொல்கிறோம். உடலுக்குள் அது ஒரு பெரிய மராமத்து வேலை. வெப்பத்தில் அளவோடு உழைக்கத் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கிறது. அடுத்த ஒரு வாரத்தில் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அளவும் கூடுகிறது. கூடவே ஒரு சிக்கனமும் வருகிறது: வியர்வையில் போகும் உப்பை, தோலைத் தாண்டும் முன்பே சுரப்பி மீட்டு வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. ஏழு முதல் பதினான்கு நாளில் உடல் ஏறக்குறைய புது உடலாகிவிடுகிறது. ஏசி அறைக்குள் சில வாரம் இருந்தால் இந்தப் படிப்பு மறந்துபோகும்.

தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் 1920களில் தொழிலாளர்கள் வெப்பத் தாக்கத்தால் இறந்தார்கள். அதன்பிறகே புது ஆட்களை முதலில் எளிய வேலையில் வைத்துப் பழக்கும் முறை அங்கே வேரூன்றியது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கோலார் தங்க வயலிலும் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. இன்றைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தரும் விதி தெளிவானது: புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு வீதம் கூட்டு. வெயிலில் வேலை செய்து இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் சில நாட்களிலேயே இறந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த விதியின் பின்னணி. எங்கள் மேஸ்திரி அந்த அறிக்கையைப் படித்தவர் அல்ல. எத்தனையோ கோடைகளில் எத்தனையோ புதுப் பையன்களைப் பார்த்தவர்.

தாகம் சொல்வது பாதிதான்

இரண்டாம் உலகப்போரின்போது கலிபோர்னியப் பாலைவனத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியலாளரின் குழு, படைவீரர்களின் தண்ணீர்க் கணக்கைக் கவனித்தது. வேண்டிய அளவு தண்ணீர் கையில் இருந்தும், வேலை நேரத்தில் அவர்கள் இழந்ததில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குதான் குடித்தார்கள். தாகம் அவ்வளவோடு அடங்கிவிட்டது. மீதிக் கடனை அவர்கள் அடைத்தது சாப்பாட்டு வேளையில். சோற்றோடும் உப்போடும் சேர்ந்து உள்ளே போகும் தண்ணீரைத்தான் உடல் தங்க வைத்துக்கொள்கிறது.

ஆற அமர உட்கார்ந்து சாப்பிடும் நேரம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. வயலுக்குப் போகிறவர்கள் தூக்குவாளியில் கொண்டுபோகும் நீராகாரமும், உப்பும் மோரும் விட்டுக் கரைத்த கம்பங்கூழும், வியர்வையில் போன தண்ணீரையும் உப்பையும் ஒரே மூச்சில் திருப்பித் தருகின்றன. ஆனால் அவற்றைக் குடிக்க ஒரு நிழலும் கால் மணி நேரமும் வேண்டும்.

நடுப்பகலும் நள்ளிரவும்

மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் கண் சொருகுவது சாப்பாட்டின் குற்றம் என்று நினைக்கிறோம். சாப்பிடாதவர்களுக்கும் அந்நேரத்தில் விழிப்பு குறைகிறது. அது நம் உடல் கடிகாரத்தின் இயல்பு. வெயிலின் உச்சமும் விழிப்பின் சரிவும் ஒரே நேரத்தில் சந்திக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் இருபது முப்பது நிமிடம் கண்ணயர்வது மூளைக்குத் தெளிவைத் தரும். அதற்கு மேல் நீண்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போனால், எழுந்ததும் மந்தமாக இருக்கும். இரவுத் தூக்கமும் கெடும்.

கோடை நம்மிடமிருந்து உண்மையில் பறிப்பது இரவைத்தான். தூக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். கையும் காலும் சூட்டை வெளியே விட்டு அதைச் செய்கின்றன. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவெல்லாம் அதைக் கக்கும்போது, கீழே படுத்திருப்பவரின் உடல் குளிர வழியில்லை. காலையில் அவர் எழுந்திருப்பது, அந்தச் சைக்கிள் வீரர்கள் 38 டிகிரியில் தொடங்கியதைப் போலத்தான்: ஏணியின் நடுப்படியிலிருந்து.

மனமும் இதிலிருந்து தப்புவதில்லை. 2016 கோடையில் பாஸ்டன் நகரில் வெப்ப அலை வீசியபோது, 44 இளம் மாணவர்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் பன்னிரண்டு நாள் தொடர்ந்து சோதித்தார்கள். குளிர்சாதனம் இல்லாத விடுதியில் தூங்கி எழுந்தவர்கள், காலையில் கவனச் சோதனைகளில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 13 சதவீதம் மெதுவாக விடையளித்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல; நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞர்கள். ஏப்ரல், மே மாதங்களில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் "மண்டையில் ஏறவே இல்லை" என்று சொன்னால், சோம்பல் என்று திட்டுவதற்கு முன் அவர்கள் இரவில் தூங்கினார்களா என்று கேட்க வேண்டும்.

இப்படி ஈடுகட்டப்படாத களைப்பு நாள்மேல் நாளாகச் சேரும்போது அது வேறொன்றாகிறது. 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் அதற்கு 'எரிந்து தீர்தல்' என்ற பொருளில் பெயர் வைத்தார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதை வேலையோடு தொடர்புடைய நிலையாக வரையறுத்தது. ஆற்றல் வற்றுவது, வேலையின்மேல் வெறுப்பும் விலகலும் வருவது, செய்யும் திறன் சரிவது என்ற மூன்றும் அதன் அடையாளங்கள். வேலைச் சுமை ஆண்டு முழுவதும் அதைச் சேர்க்கிறது. கோடையோ, பழைய களைப்பைக் கழிக்க வேண்டிய இரவையே எடுத்துக்கொள்கிறது.

வெயிலோடு பேசி வைத்த நேரம்

உயிரினங்கள் பலவும் கோடையோடு மல்லுக்கு நிற்பதில்லை. நத்தை தன் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கிறது. நுணல் மண்ணுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கிறது. ஒட்டகத்தின் வழி இன்னும் அழகானது. 1950களில் சஹாராவில் நுட் ஷ்மிட் நீல்சன் என்ற விலங்கியலாளர் அளந்தபோது, தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்கி, மாலையில் 40-ஐத் தாண்டுவது தெரிந்தது. பகல் சூட்டை உடலிலேயே சேமித்து வைத்து, குளிர்ந்த இரவில் வியர்வை சிந்தாமல் செலவழிக்கிறது. மனித உடலுக்கு அந்த அகலம் இல்லை. நமக்கு இருப்பது நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவு.

தமிழ்நாட்டில் வெயிலோடு மிக நெருங்கி வாழ்பவர்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள். தூத்துக்குடி உப்பளங்களில் கோடைதான் விளைச்சல் காலம். வெள்ளைப் பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்தும் மேலிருந்தும் சுடும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்குகிறது. பனையேறிகள் காலையிலும் மாலையிலும் ஏறுகிறார்கள். "வெயில் தாழட்டும்" என்று நம் பாட்டிமார்கள் எந்த வேலையையும் தள்ளி வைத்தபோது, வெயிலை விலகச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. தங்கள் வேலையை நகர்த்திக்கொண்டார்கள். அலுவலகக் கடிகாரமும் ஒப்பந்தத் தேதியும் வந்தபிறகு, ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் ஒரே நேர அட்டவணை என்றாகிவிட்டது.

ஓய்ந்தவர்கள் அதிகம் வெட்டினார்கள்

ஓய்வு கொடுத்தால் வேலை குறையும் என்ற அச்சத்துக்கு மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அங்கே சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளம் கரும்பு வெட்டிகள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கடும் வெயிலில், ஓய்வில்லாமல், உடல் நீர் வற்ற உழைத்தது அதில் பெரும் பங்கு வகித்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எல் சால்வடோரில் 2014-15 அறுவடையின்போது ஒரு குழுவுக்கு முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையும், இடம் மாற்றக்கூடிய நிழற்பந்தலும், முறையான இடைவேளைகளும், கைக்கு இதமான வெட்டுக்கத்தியும் கொடுத்தார்கள். முன்பு ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 5.1 டன் வெட்டினார். ஏற்பாடுகளுக்குப் பிறகு 7.3 டன். கத்திக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நிழலில் கழித்த நேரத்தால் வெட்டிய அளவு குறையவில்லை என்பது தெரிந்தது.

நம் ஊரிலும் இந்தப் பாதிப்பை அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால், உப்பளங்களிலும் செங்கல் சூளைகளிலும் வயல்களிலும் பல ஆண்டுகளாக வெப்பத்தை அளந்து வருபவர். அவரது குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்காக இருந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலேயே பகலைக் கழிக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று அறிவுரை சொல்வதில் பொருளில்லை. முதலில் கழிப்பறை வேண்டும்.

சட்டத்தால் இதைச் செய்ய முடியும். நம்மவர்கள் பலர் உழைக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் 2021 முதல் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை. பக்கத்துக் கேரளத்தில் கோடைதோறும் 12 முதல் 3 மணி வரை வெயில் வேலைக்கு ஓய்வு அறிவிக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் உணவு கொண்டுசெல்லும் ஊழியர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை ஒன்றைத் திறந்தது. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்றிருக்கும் வரை, ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் சோற்றிலிருந்தே கழிகிறது. ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்றால்தான் அது ஓய்வு.

வீட்டளவில் செய்யக்கூடியவை எளிமையானவை. கடினமான வேலையை வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். மற்றதை வெயில் தாழ்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் விளையாடட்டும், காலையிலும் மாலையிலும். அடுப்படியில் நிற்பவரும் வெயிலில் நிற்பவரே என்பதை நினைவில் கொண்டு, மதியச் சமையலைக் காலையிலேயே முடிக்கக் கைகொடுங்கள். படுக்கும்முன் குளித்துவிட்டுப் படுங்கள். வெயிலில் இருந்த ஒருவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ, உடல் நெருப்பாகக் கொதித்தாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எங்கள் மாடித் தளம் போட்ட மறுநாள், மேஸ்திரி அதன்மேல் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார். தூண்களுக்கு ஈரச்சாக்கு சுற்றினார். வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் குறைந்தது பத்து நாள் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டு விதி. 40 டிகிரிக்கு மேல் சூடான கலவையை இடக் கூடாது என்றும் விதி இருக்கிறது. மனித உடல் இனி முடியாது என்று நிறுத்திக்கொள்வதும் ஏறக்குறைய அதே 40 டிகிரியில்தான். அந்தப் பையன் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். இரண்டு வாரத்தில் முழு ஆள் வேலை பார்த்தான்.

தூணுக்கு நனைத்த சாக்கைச் சுற்ற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்தக் கோடையில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தால், ஒரு செம்பு மோரும் நிழலில் ஒரு நாற்காலியும் கொடுத்து, "கொஞ்சம் வெயில் தாழட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.